மூன்று நாள், ஒரே எண்

பேராசிரியர் ஹல்மோஷ் தொலைபேசியில் அழைத்தபோது எதெல்கா புளிச்செர்ரிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் சிவப்பு. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். பேராசிரியருக்கு எண்பத்தொரு வயது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் செவிடு என்று நினைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"எதெல்கா, நம்ம பர்னபாஷுக்கு விடிஞ்சிருச்சு."

விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஒரு குழு, தசைக்குள் இருக்கும் மோட்டார் மூலக்கூறு ஒன்றே ஒன்றைத் தனியாகப் பிரித்து, லேசர் ஒளியால் பிடித்து வைத்துப் பார்த்திருக்கிறது. அது முதலில் இழுக்கிறது, பிறகுதான் பாஸ்பேட்டை விடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இதையே இருபது வருடம் முன்பு ஹங்கேரியின் செகெட் நகரத்தில் ஒருவர் சொன்னார், யாரும் நம்பவில்லை என்று கட்டுரையின் முதல் பத்தியிலேயே பர்னபாஷ் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழு இந்த மாதக் கடைசியில் செகெட்டுக்கு வருகிறது. இரண்டு நாள் கூட்டம். முதல் உரை பர்னபாஷுடையது.

"அந்தப் பழைய நோட்டு வேணும்மா. அவனே கேட்டான், அந்தப் பக்கத்தைத் திரையில காட்டணுமாம். எந்த பீரோவுல இருக்குன்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

எடுத்துத் தருகிறேன் என்றாள் எதெல்கா. அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஒரு செர்ரிக்கும் கொட்டை எடுக்கவில்லை.

நோட்டு எந்த பீரோவில், எந்தத் தட்டில், எத்தனையாவதாக இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளன்று அதைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதில் 1999 ஜூன் பதினான்கு, பதினைந்து, பதினாறு ஆகிய மூன்று நாளுக்கும் அவள் கையெழுத்தில் ஒரே எண் இருக்கும்: 0.41. மூன்றும் பொய்.

*

செகெட்காரர்களுக்கு மீன் சூப்பும் மிளகாய்த்தூளும் போக, பெருமையடிக்க இன்னொன்று உண்டென்றால் அது தசை. தசையை இயக்கும் புரதங்களைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் இந்த ஊருக்குப் பங்குண்டு என்பது டிராம் ஓட்டுபவருக்கும் தெரியும். எதெல்காவின் அப்பாவே டிராம் ஓட்டுநர்தான். மகளுக்குப் பத்தொன்பது வயதில் தசை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, தானே கண்டுபிடித்த மாதிரி டிப்போவில் எல்லாருக்கும் பாலிங்கா என்ற பழச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

வேலையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முயலின் முதுகுத் தசையைக் கீற்றுக் கீற்றாக உரிக்க வேண்டும். இழுபட்ட நிலையிலேயே குச்சியில் கட்டி, கிளிசரினில் போட்டு, உறைபெட்டியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உயிர் போயிருக்கும், இழுக்கிற சக்தி மட்டும் இருக்கும். அதில் தலைமுடியை விட மெல்லிய ஓர் இழையைப் பிரித்து, இரண்டு கொக்கிக்கு நடுவில் மாட்டி, எரிபொருள் கலந்த திரவத்தைக் காட்டினால் செத்த முயலின் தசை சுருங்கும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று எதெல்காவால் மதியச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. ஒரு வருடத்தில் பழகிவிட்டது. மூன்று வருடத்தில் அவளை விடச் சுத்தமாக இழை பிரிப்பவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

இழை பிரிக்காத நேரத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவாள். அதிலும் முறை உண்டு. சோப்பு கூடாது, எந்தத் தூளும் கூடாது. அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஐந்து முறை அலச வேண்டும். ஏனென்றால் சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கிறது. அவர்கள் அளப்பதும் பாஸ்பேட்டைத்தான். பூனைக்குட்டி எத்தனை கிராம் என்று நிறுத்துக்கொண்டிருக்கும்போது தராசில் எருமை ஏறிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பர்னபாஷ் 1996-இல் வந்தான். அப்போது அவனுக்கு முப்பது வயது. நெட்டையானவன், நடக்கும்போது பாட்டு முணுமுணுப்பவன், எதையும் யாருக்காவது விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற ஆராய்ச்சியாளர்கள் எதெல்காவிடம் செய்ய வேண்டியதை மட்டும் சொல்வார்கள். இவன் ஏன் செய்கிறோம் என்பதையும் சொன்னான். ஒருமுறை சொன்னது இன்னும் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, நீங்க ஏணியில நின்னு செர்ரி பறிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு பழம் கையில இருக்கு. அடுத்த கிளையை எட்டிப் பிடிச்சு இழுக்கணும். கையில இருக்கிற பழத்தைக் கூடையில போட்டுட்டு இழுப்பீங்களா, பழத்தோடயே இழுத்துட்டு அப்புறம் போடுவீங்களா?"

"பழத்தோடயே இழுப்பேன். யாரு ரெண்டு தடவை கையை நீட்டறது?"

"உலகத்துல பெரிய ஆளுங்க எல்லாரும் போட்டுட்டுத்தான் இழுக்கும்னு சொல்றாங்க."

"அவங்க யாரும் செர்ரி பறிச்சதில்ல போல."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அந்தப் பழம்தான் பாஸ்பேட். தசைக்குள் இருக்கும் கோடிக்கணக்கான மோட்டார்கள் ஒவ்வொன்றும் எரிபொருளை உடைத்து, உடைந்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயாராக நிற்கின்றன. துண்டு கையை விட்டுப் போவதுதான் இழுப்பைக் கிளப்புகிறதா, இழுப்பு நடந்த பிறகு துண்டு போகிறதா? எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்காக இந்தத் துறையில் பாதிப் பேர் மீதிப் பேருடன் பேசாமல் இருந்தார்கள்.

அளப்பதற்குப் பர்னபாஷிடம் ஓர் அற்புதமான பொருள் இருந்தது. பாஸ்பேட் வந்து ஒட்டினால் ஒளிரும் புரதம். வெளிநாட்டு நண்பர் ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியது, விரல்நுனி அளவுக் குப்பியில். இழையை அந்தப் புரதத்தில் நனைத்து, ஒரு மின்னல் வெளிச்சத்தால் எரிபொருளைத் திறந்துவிட வேண்டும். காகிதத்தில் இரண்டு கோடு ஓடும். ஒன்று இழுப்பு, இன்னொன்று ஒளி. எது முதலில் ஏறுகிறது என்று பார்த்தால் போதும்.

இதில் எதெல்காவின் பங்கு காலைச் சோதனை. இழை எதுவும் இல்லாமல் வெறும் திரவத்தில் புரதத்தைப் போட்டு ஒளியை அளப்பது. அது 0.41-ஐ ஒட்டி இருந்தால் பாட்டிலில் அழுக்கு பாஸ்பேட் இல்லை என்று அர்த்தம். அதை நோட்டில் எழுதிய பிறகு, அன்றைக்கு இருக்கும் ஒளியையே பூஜ்யம் என்று இயந்திரத்தில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பின் அழுக்கு இருந்தாலும் காகிதத்தில் தெரியாது. அந்த ஒரு எண்தான் காவல்.

நான்கு மாதமாக அந்த எண் மாறவே இல்லை. ஒரு காலத்துக்குப் பிறகு எதெல்கா அளக்காமலே எழுத ஆரம்பித்தாள். எல்லா நாளும் அல்ல. அவசரமான நாட்களில்.

*

1999 ஜூன் பதினொன்று, வெள்ளிக்கிழமை. நாட்காட்டியில் பர்னபாஷ் என்ற பெயர் கொண்டவர்களுக்கென்று குறித்திருக்கும் பெயர்நாள். பிறந்தநாளை மறந்தால் மன்னிப்பார்கள், பெயர்நாளை மறந்தால் மாட்டார்கள். அவன் அம்மா ஒரு கூடை நிறைய பொகாச்சா ரொட்டி சுட்டு அனுப்பியிருந்தார். பேராசிரியர் ஐந்து லிட்டர் ஒயின் கொண்டுவந்தார். கூடத்தில் குடிப்பதற்கென்று இருந்த குவளைகள் ஆறு. வந்தவர்கள் முப்பது பேர்.

இம்மாதிரி நேரத்தில் எந்த ஆய்வுக்கூடமும் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். அலமாரியில் பளபளவென்று கழுவி அடுக்கியிருந்த கண்ணாடி பாட்டில்களை எடுத்து ஒயின் ஊற்றிக்கொண்டார்கள். இருபத்துநான்கு பாட்டில்கள். கட்டடத்திலேயே சுத்தமானது அதுதான், நம்பிக் குடிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். எதெல்காவும் ஒன்றில் குடித்தாள். ரொட்டியின் கொழுப்பு உதடு வழியாகக் கண்ணாடியில் ஒட்டியது.

நான்கு மணிக்கு அவள் கணவன் காஷ்பார் கீழே டிராபண்ட் காரில் வந்து நின்று ஹாரன் அடித்தார். வார இறுதிக்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். செர்ரி பழுத்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டால் மைனா தின்றுவிடும். தொட்டியில் இருபத்துநான்கு பாட்டில்களும் கொழுப்பும் ஒயினுமாகக் கிடந்தன. அமிலத்தில் கொழுப்பு போகாது. முதலில் கொழுப்பைப் போக்க வேண்டும், பிறகு அமிலம். தரை துடைக்கிற அம்மாளிடம் இருந்த தூளை ஒரு கை அள்ளிப் போட்டு, வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வைத்தாள். அமிலத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஹாரன் மறுபடி அடித்தது.

திங்கட்கிழமை அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தோளெல்லாம் வலி, நாற்பது கிலோ செர்ரி பறித்திருந்தார்கள். பாட்டில்கள் பார்க்க எப்போதும் போல் பளபளத்தன. அவற்றில் திரவங்களைக் கலந்து வைத்தாள். 0.41 என்று எழுதினாள். செவ்வாயும் எழுதினாள், புதனும்.

புதன்கிழமை மாலை பர்னபாஷ் ஓட்டமாக வந்தான். கையில் காகிதச் சுருள். கழுவும் தொட்டி முன்னால் ஈரக் கையோடு நின்றிருந்தவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

"பழத்தோடதான் இழுக்குது, அக்கா. பதினோரு இழை, பதினொண்ணும் அப்படித்தான். இழுப்பு முடிஞ்சு நிக்குது, பாஸ்பேட் மூணுல ஒரு பங்குதான் வெளியில வந்திருக்கு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

வியாழக்கிழமை காலை அவசரம் எதுவும் இல்லை. அதனால் உண்மையாகவே அளந்தாள். 1.3 என்று காட்டியது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று மறுபடி அளந்தாள். 1.3. மூன்றாவது முறை அளக்கும்போது தரை துடைக்கும் அம்மாள் வாளியோடு நடையில் போனாள். தூளின் எலுமிச்சை வாசனை வந்தது. எதெல்கா அலமாரியில் இருந்த பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள்.

சோப்பில் வந்த பாஸ்பேட் புரதத்தில் முக்கால்வாசியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. மோட்டார்கள் விட்ட பாஸ்பேட்டுக்கு ஒட்ட இடமில்லை. ஒட்டாதது ஒளிராது. ஒளிராததை, வெளியே வரவில்லை என்று அவன் படித்திருக்கிறான். இதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அன்றே எல்லா பாட்டில்களையும் அமிலத்தில் போட்டாள். வெள்ளிக்கிழமை அளந்தாள், 0.42. குப்பியின் அடியில் இன்னும் கொஞ்சம் புரதம் இருந்தது. அடுத்து வருகிற இழைகள் சரியாக வரும், அவனே கண்டுபிடித்துவிடுவான், தான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டாள். அவன் கண்டுபிடித்துக் கேட்டால் ஒத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தாள். அதை நேர்மை என்று அன்றைக்கு நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு இழை ஓட்டினான். இரண்டிலும் ஒளியும் இழுப்பும் சேர்ந்தே ஏறின. எதெல்கா பக்கத்தில் நின்றாள். அவன் காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அடிக்கசடு, புரதம் செத்துப்போச்சு" என்றான். நோட்டில் அந்த இரண்டு இழைக்கும் எழுதியிருந்த வரிகளின் மேல் பேனாவால் குறுக்கே கோடு போட்டான்.

சரியாக இருந்தது அந்த இரண்டு மட்டும்தான். கோடு போட்ட பேனாவை அவனுக்கு எடுத்துக் கொடுத்தது எதெல்கா.

*

கட்டுரை இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. கடைசிப் பத்தியில், கவனமான கைகளுக்காக எதெல்காவுக்கு நன்றி என்று அச்சடித்திருந்தது. காஷ்பார் அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி தேடினார். வேண்டாம் என்றாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு அண்டை வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது நடக்க வேண்டியதுதான். ஒரு வருடத்தில் மூன்று இடங்களில் செய்து பார்த்தார்கள். யாருக்கும் அப்படி வரவில்லை. கூட்டங்களில் பர்னபாஷ் எழுந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் காப்பி குடிக்கக் கிளம்பினார்கள். புதுப் புரதம் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு பெரியவர், ஹங்கேரியில் மட்டும் முயல்கள் வேறு மாதிரி போலும் என்று மேடையிலேயே கேலி செய்தார். 2002-இல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மகோ என்கிற வெங்காய ஊரில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தான். போகிற அன்று எதெல்காவிடம் வந்து, எங்கே தவறினேன் என்றுதான் தெரியவில்லை அக்கா, அது தெரிந்தால் நிம்மதியாகப் போவேன் என்றான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடத் திறந்தாள். வந்தது என்னவோ, மகோவில் வீட்டு வாடகை குறைவாமே என்பதுதான்.

இருபது வருடத்தில் இதற்கு அவள் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. அப்போது ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் கல்லூரியில் இருந்தாள். சொன்னாலும் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்காது. எல்லாக் காரணமும் உண்மைதான். எதுவும் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. ஒவ்வொரு ஜூன் பதினொன்றாம் தேதியும் அவனிடமிருந்து அட்டை வரும், அவள் வாழ்த்த வேண்டிய நாளில் அவன் நன்றி சொல்லி எழுதுவான். பதிலுக்கு அவள் ஜாம் அனுப்புவாள்.

*

பேராசிரியரின் போனுக்கு இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்துவந்தாள். சமையலறை மேசையில் வைத்து, திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காஷ்பாரிடம் முதன்முறையாகச் சொன்னாள். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"ஏம்மா, இப்போ அவன் சொன்னதே சரின்னு ஆயிருச்சுல்ல? சும்மா இரு. தெய்வமே உனக்குத் துடைச்சு விட்டிருக்கு."

அவளும் அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அது அவ்வளவு சௌகரியமாக இருந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டாம். நோட்டை நீட்டினால் போதும். இருபது வருடம் கழித்து அவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், தன் பாவமும் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். ஆனால் அவன் மேடையில் காட்டப்போவது சோப்பு. முதல் தடவை அவனை ஏமாற்றியது மறதி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை என்னவென்று வைத்துக்கொள்வது?

பர்னபாஷ் ஞாயிற்றுக்கிழமை மகோவிலிருந்து பஸ்ஸில் வந்தான். ஐம்பத்து மூன்று வயது, தலையில் பாதி முடி இல்லை, பாட்டு முணுமுணுப்பது மட்டும் அப்படியே இருந்தது. புதுச் சட்டை. மகள் வாங்கிக் கொடுத்தாளாம், மேடைக்கு. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கூட்டத்துக்கு வரட்டுமா என்று நச்சரிக்கிறார்கள், ஒருத்தன் மட்டும் டியூஷன் உண்டா என்று கேட்டான் என்று சொல்லிச் சிரித்தான். நோட்டைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டான்.

எதெல்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த மூணு நாளும் நான் அளக்கல. பாட்டில்ல சோப்பு இருந்துச்சு. உன் பெயர்நாளுக்குக் குடிச்ச பாட்டில். தூள் போட்டுக் கழுவினேன், அமிலத்துல போடல. வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவன் நோட்டைத் திறந்தான். திங்கள், செவ்வாய், புதன். மூன்று எண்ணின் மேலும் விரலை வைத்துப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பினான். வெள்ளிக்கிழமையில், கோடு போட்ட இரண்டு வரிகளில் அவன் விரல் நின்றது.

"இது?"

"அதுதான் சுத்தமான பாட்டில்."

"நான் கோடு போடும்போது நீங்க இருந்தீங்க."

"இருந்தேன்."

"தெரிஞ்சுதான் நின்னீங்க."

"தெரிஞ்சுதான்."

காஷ்பார் உள்ளறையில் இருமுவது கேட்டது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"மகோவுக்குப் போன முதல் வருஷம் தினமும் ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டுப் பார்ப்பேன். இயந்திரமா, இழையா, வெளிச்சமான்னு. என் பொண்டாட்டி அதனாலதான் போனா. பாட்டிலை மட்டும் ஒரு தடவைகூட சந்தேகப்படல. ஏன் தெரியுமா? அது உங்க வேலை."



பிறகு அவன் பேனாவை எடுத்தான். எந்தெந்த நாள், எந்த பாட்டிலில் எந்தத் திரவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் சொன்னாள். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பதினோரு இழையும் அடிபட்டன. மிஞ்சியது வெள்ளிக்கிழமையின் இரண்டு. இரண்டு இழையை வைத்துக்கொண்டு இழுப்பு முதலில் என்றும் சொல்ல முடியாது, பாஸ்பேட் முதலில் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குப்பிப் புரதம் உண்மையிலேயே செத்துப்போய்க்கூட இருந்திருக்கலாம்.

"அவங்க லேசர்ல பார்த்தது நிஜமா இருக்கலாம். அது அவங்க பார்த்தது. நான் ஒண்ணுமே பார்க்கல" என்றான். அதைச் சொல்லும்போது குரல் ஆசிரியருடைய குரலாக இருந்தது. அவள் உண்மையைச் சொன்னதிலிருந்து அவன் அவளை ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

*

கூட்டத்தில் அவன் எட்டு நிமிடம் பேசினான். ஒதுக்கியிருந்தது நாற்பது. திரையில் மூன்று 0.41-ஐயும் கோடு போட்ட இரண்டு வரியையும் காட்டினான். என் முடிவுகளைத் தூக்கிப்போடுங்கள், நான் முதலில் சொன்னேன் என்று யாரும் இனி எழுத வேண்டாம் என்றான். வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டல் மரியாதைக்கு வந்தது, சீக்கிரமே நின்றது. பேராசிரியர் ஹல்மோஷ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக எதெல்காவிடம் வந்து, எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பர்னபாஷ் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவள் போனாள்.

"பத்திரிகைக்குக் கடிதம் எழுதணும், கட்டுரையை வாபஸ் வாங்க" என்றான். "நோட்டு என்கிட்ட இருக்கட்டும்."

"நான் மகோவுக்கு வரேன். சேர்ந்து எழுதலாம்."

அவன் யோசித்தான். "வேண்டாம். தபால்ல அனுப்பறேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, போதும்."

கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. ஒரே பக்கம், தட்டச்சு செய்தது. எந்த நாள், எத்தனை பாட்டில், என்ன தூள், காலைச் சோதனை நடக்கவில்லை என்பது எல்லாம் இருந்தது. குற்றம் சுமத்துகிற மாதிரி ஒரு சொல்கூட இல்லை. நடுவில் ஒரு வாக்கியம்: பாட்டில்கள் அசுத்தமாக இருந்தது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது.

எதெல்கா அந்த வாக்கியத்தை நாலைந்து முறை படித்தாள். அவன் அவளைக் காப்பாற்றியிருக்கிறானா, அல்லது அவளைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. காஷ்பார் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நல்ல பையன், கையெழுத்துப் போடு என்றார்.

அவள் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தாள். மேலே இருந்த இடைவெளியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: பாட்டில்கள் அசுத்தமாக இருந்தது ஜூன் பதினேழாம் தேதி காலையிலேயே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அதன் கீழே முழுப் பெயரைக் கையெழுத்திட்டாள். உறையில் போட்டு ஒட்டி, கணவன் ஏதாவது சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்கு இறங்கினாள். மூடுவதற்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது.